எங்கள் டீக்கடைப் பெஞ்சு: புதிதாக வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

களியக்காவிளைச் சந்தையைத் தாண்டிக் குழித்துறைப் பக்கம் வரும் ரோட்டில் ஒரு டீக்கடை. நடத்துவது ஓர் அக்கா. வெளியே இரண்டு பெஞ்சு கிடக்கும். ஒன்றில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம், இன்னொன்றில் நாங்கள் இருப்போம். இந்த ஊரில் பெண் கட்டிய மருமகன்கள், மாற்றலாகி வந்த வங்கி ஊழியர்கள், மார்த்தாண்டத்தில் வாடகை கட்டாமல் இங்கே வீடு பிடித்தவர்கள் என்று யாராவது தெரியாத்தனமாக அந்த இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்துவிடுகிறார்கள். அப்புறம் எல்லோரும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். வாயால் பதில் சொன்னால் பக்கத்திலிருப்பவர் குறுக்கே புகுந்து மாற்றிவிடுகிறார். அதனால் எழுத்தில்.

இந்தக் கடை தமிழ்நாட்டில் இருக்கிறதா, கேரளத்திலா?

தமிழ்நாட்டில்தான். ஆனால் இதைப் பெஞ்சில் சத்தமாகக் கேட்காதீர்கள். கேட்டால் அன்றைக்கு வேறு பேச்சு நடக்காது.

1956 அக்டோபர் 31 வரை இது திருவிதாங்கூர்-கொச்சி. மறுநாள் நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்களும் கன்னியாகுமரி மாவட்டமாகி இந்தப் பக்கம் வந்தன. அதே நாளில் அந்தப் பக்கம் கேரளம் பிறந்தது. பாகப்பிரிவினை அவ்வளவு சுத்தமாக நடக்கவில்லை என்பது பெஞ்சுக்குக் கிடைத்த வரம். பத்மநாபபுரம் அரண்மனை தக்கலைக்குப் பக்கத்தில் நம் மண்ணில் நிற்கிறது, பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. ரயில் நம் ஊர் வழியாகப் போகிறது, கோட்டம் திருவனந்தபுரம். நவராத்திரிக்கு வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் தேவாரக்கட்டு சரஸ்வதியும் இங்கிருந்து ஊர்வலமாகத் திருவனந்தபுரம் போய்விட்டுத் திரும்பி வருகிறார்கள்.

எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் பாறசாலையிலிருந்து ஸ்கூட்டரில் வரும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவருக்கு அரண்மனைதான் ஆயுதம். "சாவி எங்க கையில. நீங்க வெறும் வாட்ச்மேன்."

ரிட்டயர்ட் டிராயிங் சார் டீயை ஆற்றிக்கொண்டே சொல்வார்: "ஆமா வோய். மழை ஒழுகினா ஓடு மாத்துறது ஒங்க செலவு. பாக்க வாற ஆளுக்கு டீயும் வடையும் விக்கிறது எங்க வரவு. கணக்கு சரிதானே?"

இது எத்தனையோ வருடமாக ஓடுகிறது. வார்த்தைகூடப் பெரிதாக மாறியதில்லை. புதிதாக வந்தவர்கள் சிரிக்கிறார்களா என்று இரண்டு பேரும் ஓரக்கண்ணால் பார்ப்பார்கள், சிரித்துவிடுங்கள்.

முதல் நாளே என்னைக் கலாய்ப்பார்களா?

மாட்டார்கள். அதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம். "வாங்க சார், இருங்க சார், பேப்பர் வேணுமா சார்" என்று தாங்குவார்கள். சார் போட்டுப் பேசும்வரை நீங்கள் விருந்தாளி. விருந்தாளியைக் கேலி பண்ணுவது இந்த ஊர்ப் பழக்கம் இல்லை.

ஒருநாள் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வருவீர்கள். யாரோ ஒருவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே, "தீபாவளி போயிட்டுன்னு இவருக்கு யாரும் சொல்லலியா?" என்பார். சேர்த்துக்கொண்டார்கள் என்று அர்த்தம். சர்க்கரை எவ்வளவு என்று கேட்காமல் அக்கா உங்களுக்கு டீ போட ஆரம்பிப்பதும் அநேகமாக அந்த வாரத்தில்தான்.

ஒரு வங்கி ஊழியர் மாற்றலாகிப் போகும்வரை 'சார்' ஆகவே இருந்துவிட்டார். நல்ல மனிதர். ஆனால் எதைச் சொன்னாலும் "கரெக்ட், கரெக்ட்" என்பார். அப்படிப்பட்டவரை எங்கே என்று பிடிப்பது?

யார் யாரெல்லாம் வருவார்கள்?

முதலில் வருவது ரப்பர் வெட்டும் அண்ணன். விடியுமுன்னே தோட்டத்துக்குப் போய் வெட்டி முடித்து, ரப்பர் பால் வடியும் நேரத்தில் ஒரு கட்டன் டீ, அதாவது பால் சேர்க்காத டீ, குடிக்க வருவார். கையில் காய்ந்த ரப்பர் பாலை உருட்டி உருட்டி எடுத்துக்கொண்டே பேசுவார். ரப்பர் விலை ஏறினால் அவர் பேசமாட்டார், இறங்கினால் நாங்கள் பேசமாட்டோம்.

டிராயிங் சார் எல்லாம் தெரிந்தவர். பாறசாலை அண்ணன் தன் பக்கத்து டீக்கு விலை அதிகம் என்பதால்தான் இங்கே வருகிறாராம். அந்த மிச்சத்தை ஸ்கூட்டர் பெட்ரோலில் கழித்துப் பார்க்கச் சொல்லி சார் ஒரு தாளில் கணக்கே போட்டுக் கொடுத்தார். அண்ணன் அந்தத் தாளில் வடையின் எண்ணெயை ஒற்றி எடுத்தார்.

மீன் வண்டி அண்ணனுக்குச் சொந்த ஊர் சின்னத்துறை. அவர் வருவதற்கு முன்பே ஹாரன் வரும்.

அப்புறம் அங்கன்வாடி டீச்சர். அவர் உட்காரமாட்டார். பார்சல் டீ வாங்க நிற்கும் அந்த இரண்டு நிமிடத்தில் பெஞ்சிலிருக்கும் அத்தனை பேரையும் ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போவார். பதில் யோசித்து முடிப்பதற்குள் ஆள் ரோட்டைத் தாண்டியிருப்பார். நாங்கள் காலை முழுவதும் பேசுவதை அவர் நின்றபடி பேசி முடிக்கிறார் என்பது என் அபிப்பிராயம்.

எனக்கு ஒரு வட்டப்பேர் வேண்டும். நானே வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. போன வருடம் ஒருவர், "ஃபிரண்ட்ஸ் எல்லாம் என்னைக் கிங்னு கூப்பிடுவாங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். டீ ஆறுவதற்குள் 'மீன்கொத்தி' ஆகிவிட்டார். இப்போது அவருடைய மாமியார் வீட்டிலும் அதுதான் பெயர்.

வட்டப்பேர் தானாக வந்து ஒட்ட வேண்டும். எங்களில் ஒருவருக்குப் பெயர் 'வாய்தா'. வக்கீல் இல்லை. டீக்காசு கேட்டால் எப்போதும் அடுத்த தேதி சொல்வார். சமீபத்தில் அவர் தன் மகளின் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்துக் கொண்டுவந்தார். டிராயிங் சார் அதை விரித்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கேட்ட முதல் கேள்வி: "இந்தத் தேதியாவது நிலைக்குமா வோய்?"

லாட்டரிப் பேச்சு ஏன் இவ்வளவு ஓடுகிறது?

நம் பக்கம் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. எல்லையிலிருக்கும் இஞ்சிவிளையைத் தாண்டினால் அரசாங்கமே லாட்டரி நடத்துகிறது. கேரளம் இதற்கென்று தனித் துறை தொடங்கியது 1967-இல், முதல் குலுக்கல் 1968 குடியரசு தினத்தன்று. அப்போது சீட்டு ஒரு ரூபாய், முதல் பரிசு 50,000. இப்போது ஓணத்துக்கு நடக்கும் பெரிய குலுக்கலான திருவோணம் பம்பருக்குச் சீட்டு 500 ரூபாய், முதல் பரிசு 25 கோடி.

ஓணம் நெருங்கினால் பெஞ்சில் ஐந்து பேர் ஆளுக்கு நூறு போட்டு ஒரு சீட்டு எடுப்பது வழக்கம். பணம் சேர்ப்பதில் சண்டை இல்லை. சீட்டை யார் வைத்துக்கொள்வது என்பதில்தான்.

"எனக்க கையில தாங்க. பீரோவுல பூட்டி வச்சிருக்கேன்."

"ஒமக்க பீரோ சாவி யாரு கையில?"

"வீட்டுக்காரி கையில."

"அப்ப 25 கோடியும் அவங்களுக்குத்தான். நமக்கு நூறு ரூவா நஷ்டம்."

கடைசியில் சீட்டு அக்காவிடம் போகும். அக்கா அதைத் தேயிலை டப்பாவுக்கு அடியில் வைப்பார். ஐந்து பேரும் தனித்தனியாக வந்து, டீ குடிக்கிற சாக்கில் டப்பா அசையாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

2023-இல் பம்பர் 25 கோடி தமிழ்நாட்டுக்காரர்கள் நான்கு பேர் கூட்டாக எடுத்த சீட்டுக்கு விழுந்தது. திருப்பூர் பக்கத்துக்காரர்கள், பாலக்காட்டு எல்லையிலிருக்கும் வாளையாற்றில் வாங்கியது. செய்தி வந்த அன்று பாறசாலை அண்ணன் கடைக்கு வரவில்லை. மறுநாள் வந்தவரை ரப்பர் அண்ணன் கட்டிப்பிடித்து, "எந்தரு அண்ணே, கஜானா காலியா?" என்றார். அவர் அசரவில்லை. "ஒங்க மாநிலத்துக்குத்தான் கிட்டுச்சு, ஒங்களுக்கா கிட்டுச்சு? வாளையாறு வேற, இஞ்சிவிளை வேற." அது உண்மையாக இருந்ததால் அன்றைக்கு யாரும் பதில் சொல்லவில்லை. டப்பாவுக்கு அடியில் அந்த வருடத்துச் சீட்டும் இருந்தது.

எனக்கு மலையாளம் தெரியாது. புரியுமா?

புரியும். இங்கே பேசுவதைத் தமிழ் இல்லை என்று மதுரைக்காரர்களும் மலையாளம் இல்லை என்று கோட்டயத்துக்காரர்களும் சொல்கிறார்கள். நாங்கள் யாரிடமும் கேட்கவில்லை.

வாழைக்குலை தொங்குகிறதே, பிய்த்துக்கொள்ளலாமா?

பிய்க்கலாம், ஆனால் இடம் பார்த்து. மேல் சீப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும். அடியில் கை வைத்தால் அக்காவின் குரல் உள்ளேயிருந்து வரும். பார்க்காமல் எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்று கேட்காதீர்கள், குலை ஆடுகிற விதத்திலேயே தெரியுமாம்.

தொங்குவது பெரும்பாலும் மட்டி. விரல் நீளம்தான் இருக்கும், தோல் மெல்லிசு, நன்றாகப் பழுத்துவிட்டால் தொட்ட இடத்திலேயே காம்பை விட்டு உதிரும். எங்கள் ஊர்க் குழந்தைகள் முதலில் தின்னும் பழம் இது. கன்னியாகுமரி மட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கிடைத்த அன்று டிராயிங் சார் தன் காசில் எல்லோருக்கும் ஆளுக்கொன்று வாங்கிக் கொடுத்தார். பாறசாலை அண்ணன் தோலை உரித்துக்கொண்டே, தங்கள் திருச்சூர்ப் பக்கத்துச் செங்ஙாலிக்கோடன் நேந்திரனுக்கு அது எப்போதோ கிடைத்துவிட்டது என்றார். சார் அவர் கையிலிருந்த பழத்தைத் திரும்பக் கேட்டார். பாதி போய்விட்டிருந்தது. மீதியை வாங்கித் தானே தின்றார்.

பழத்தில் போட்டி வந்தால் எங்கள் பக்கம் ஆயுதம் நிறைய. செந்துளுவன், பேயன், பாளையங்கோட்டான், ரசகதலி, ஏத்தன் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஆனால் நேந்திரன் என்று அவர் சொல்வதும் ஏத்தன் என்று நாங்கள் சொல்வதும் ஒரே இனம் என்று மீன் வண்டி அண்ணன் ஒருமுறை சொல்லிவைத்தார். இரண்டு பக்கமும் சேர்ந்து அவரைத் திட்டியது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சத்தம் அதிகமாக இருக்கிறதே?

இருபத்தெட்டு ஆடுகிறோம். சீட்டுக்கட்டில் ஏழிலிருந்து ஆசு வரை 32 சீட்டு மட்டும். நாலு பேர், எதிரெதிரே இருப்பவர்கள் ஜோடி. ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஆசுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. ஓர் இனத்துக்கு 7, நாலு இனத்துக்கு 28. ஆளுக்கு நாலு சீட்டு போட்டதும் ஏலம் கேட்பார்கள். ஜெயித்தவர் துருப்பைக் கவிழ்த்து வைப்பார், அப்புறம் மீதி நாலு. ராஜாவுக்கும் ராணிக்கும் ஒரு புள்ளிகூடக் கிடையாது. அரண்மனையை வைத்துக்கொண்டு பேசுகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஆட்டம் உண்டா என்பது சாரின் நிரந்தரக் கேள்வி.

இங்கே காசு வைப்பதில்லை. தோற்றவர் காதில் குணுக்கு மாட்ட வேண்டும். குணுக்கு என்றால் தென்னை மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் குரும்பை ஒன்று, ஈர்க்கில் குத்தி வளைத்தது. அடுத்த ஆட்டம் ஜெயித்தால் கழற்றலாம். தொடர்ந்து தோற்றால் இன்னொரு காதும் இருக்கிறது.

ஒரு ஞாயிறு டிராயிங் சாருக்கு இரண்டு காதிலும் குரும்பை. அந்த நேரம் பார்த்து அவருடைய பழைய மாணவர், இப்போது போலீசில் நல்ல உத்தியோகத்தில் இருப்பவர், மனைவியோடு கல்யாண அழைப்பு கொடுக்க வந்தார். சார் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, கம்பீரமாக ஆசீர்வாதம் பண்ணினார். தலை அசையும்போதெல்லாம் குரும்பையும் அசைந்தது. பெஞ்சில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்தப் பையனும் கடைசிவரை சாரின் கண்ணை மட்டுமே பார்த்துப் பேசினான். இவ்வளவு நல்ல வளர்ப்பு அவனுக்கு எங்கே கிடைத்தது என்று சார் இன்றுவரை பெருமைப்படுகிறார். அவரிடம் படித்ததால் இருக்காது என்பது டீச்சர் சொன்னது.

அரசியல் பேசலாமா?

பேசலாம். எந்த மாநிலத்து அரசியல் என்று முதலில் சொல்லிவிடுங்கள். 2024 மக்களவைத் தேர்தலில் நமக்கு ஏப்ரல் 19, அவர்களுக்கு ஏப்ரல் 26. அந்த ஒரு வாரமும் பாறசாலை அண்ணன் முன்னால் நாங்கள் மை வைத்த விரலால்தான் டீ கிளாசைப் பிடித்தோம்.

மீன் விலையை வைத்துக் கிண்டல் பண்ணலாமா?

ஜூன் மாதம் தாராளமாக. மேற்குக் கடலில் நம் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் தடை. கேரளத்துக்கு ஜூன் 9 நள்ளிரவில் தொடங்கி 52 நாள். கடல் ஒன்று, மீன் ஒன்று, நடுவில் இந்த ஒன்பது நாள் வித்தியாசம். அந்த நாட்களில் அவர்கள் வலையில் விழும் மீன் நம் மீன்தான் என்று மீன் வண்டி அண்ணன் வாதாடுவார். ஆதார் கார்டு காட்டச் சொன்னீர்களா என்று பாறசாலை அண்ணன் கேட்பார். இது ஜூலை கடைசி வரை போகும்.

நவம்பர் முடிவில் மட்டும் மீன் பேச்சு வேண்டாம். 2017 நவம்பர் 29, 30-இல் ஒக்கிப் புயல் வந்தது. சின்னத்துறை, வள்ளவிளை, தூத்தூர் என்று இந்தப் பக்கமும், பூந்துறை, விழிஞ்ஞம் என்று அந்தப் பக்கமும் கடலுக்குப் போனவர்கள் பலர் திரும்பவில்லை. அந்த வாரம் மீன் வண்டி அண்ணன் கடைக்கு வந்தால் அவருக்குப் பக்கத்தில் இடம் விட்டு உட்காருவோம், அவ்வளவுதான்.

வேறு எதையெல்லாம் தொடக்கூடாது?

சாதி, மதம். கோயில், பள்ளிவாசல், சர்ச் மூன்றிலிருந்தும் இங்கே ஆள் உண்டு. அவரவர் தன் பக்கத்துச் சாமியாரையோ போதகரையோ தானே கேலி செய்துகொள்ளலாம், அடுத்தவர் செய்யக் கூடாது. கடன், நோய், பிள்ளைகளின் மார்க் இதெல்லாம் சொல்லவே வேண்டியதில்லை.

கேரளத்து நெய்யாறு அணையிலிருந்து வரும் இடதுகரைக் கால்வாயும் அப்படித்தான். 2004-க்குப் பிறகு அதில் விளவங்கோட்டு வயல்களுக்குத் தண்ணீர் வருவதில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. பெஞ்சில் இரண்டு பேருக்கு அந்த ஆயக்கட்டில் நிலம் இருந்தது, இப்போது அதில் நெல் இல்லை. அரண்மனை, பம்பர், மீன் எல்லாவற்றுக்கும் வாய் திறக்கும் பாறசாலை அண்ணன் இதற்கு மட்டும் திறந்ததே கிடையாது. இத்தனை வாய் உள்ளவரை நாங்கள் இத்தனை காலம் வைத்துக்கொண்டிருப்பதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

யாராவது தெரியாமல் எல்லை தாண்டிவிட்டால் அக்கா கிளாசைக் கொஞ்சம் சத்தமாக வைப்பார். உடனே யாரோ ஒருவர், "இன்னிக்கு மழை இருக்கும் போலயே" என்பார். சித்திரை வெயிலாக இருந்தாலும் எல்லோரும் வானத்தைப் பார்ப்போம். நீங்களும் பாருங்கள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டால்?

வரட்டும். கொஞ்சநாள் வராமல் இருங்கள். யாராவது ஒருவர் வீட்டுக்கு வருவார், வந்ததற்குக் காரணம் உங்களைத் தவிர வேறு எதையாவது சொல்வார். முருங்கைக்காய் கிடைக்குமா, ஏணி இருக்கிறதா, இந்த மாதிரி. ஏணி வாங்கிக்கொண்டு போனால் சமாதானம் முடிந்தது. ஏணியைத் திரும்ப வாங்க நீங்கள் பெஞ்சுக்குத்தான் வர வேண்டும்.

திருப்பிக் கலாய்க்கத் தெரியவில்லை. என்ன செய்வது?

அவசரப்படாதீர்கள். முதலில் உங்களையே கேலி பண்ணிக்கொள்ளுங்கள், அது எப்போதும் செல்லும். செல்போனில் படித்த ஜோக்கைச் சொல்லாதீர்கள். டீச்சரோடு மோதாதீர்கள்.

காசு யார் கொடுப்பது?

அன்றைக்கு யாரை அதிகம் ஓட்டினார்களோ, அவருக்கு டீ இலவசம். ஓட்டினவர் கொடுப்பார். இதைத் தெரிந்துகொண்டு வாய்தா தினமும் வேண்டுமென்றே ஏதாவது உளறிவிட்டு உட்காருகிறார் என்று ஒரு புகார் இருக்கிறது. விசாரணை நடக்கிறது, அடுத்த தேதி சொல்லவில்லை. கியூஆர் கோடு பிஸ்கட் பாட்டிலுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது, பாட்டிலை நகர்த்தினால் திரும்ப அதே இடத்தில் வைத்துவிடுங்கள்.